அரை மணி ஓய்வும் சம்பந்தியின் பல்லும்

மேரு ரோடு, கிள்ளான்
14.7.1991, ஞாயிறு

அன்பு மகள் செசிலியாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. மாதாவின் புண்ணியத்தில் இங்கே உன் அம்மா சுகம், உன் தங்கை லூசி சுகம், நானும் ஓர் இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் சுகம். அந்த இடத்தைப் பற்றிப் பெற்ற மகளிடம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நீ மான்செஸ்டர் ஆஸ்பத்திரியில் தினமும் எத்தனையோ பேருடையதைப் பார்த்து ஊசி போடுகிறவள் என்பதால் சொல்லிவிடுகிறேன். உன் தங்கைக்கு மாமனாராக வரப்போகிற மாரிஸ் என்னைக் கடித்துவிட்டார். ஹாலில் பாயை விரித்துக் குப்புறப் படுத்து, நெஞ்சுக்குக் கீழே தலையணை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன், கையெழுத்து வழக்கத்தைவிட நன்றாக இருப்பதாக அம்மா சொல்கிறாள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிய மிஸ்ஸி காயத்தைப் பார்த்துவிட்டு நாயா அங்கிள் என்று கேட்டாள், இல்லை மிஸ்ஸி, சம்பந்தி என்றேன், அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் இன்னும் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு வந்தாள். தடுப்பூசியை மறுபக்கத்தில் போட்டார்கள், ஆக இப்போது இரண்டு பக்கமும் சமம். நீ போன வாரம் போன் செய்து லூசி கல்யாணம் நடக்குமா நடக்காதா, டிக்கெட் எடுப்பதா வேண்டாமா என்று கேட்டபோது அம்மா அழுதுகொண்டே அப்பா எழுதுவார் என்று வைத்துவிட்டாளாம். அந்த அழுகை கல்யாணம் நின்றுவிடுமோ என்றுதான், என் காயத்துக்காக என்று எண்ணிவிடாதே. என் காயத்தைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுச் சீதாலெட்சுமி அக்கா வரைக்கும் கேட்டது, சிரித்து முடித்ததும் விளக்குமாற்றை எடுத்து மிச்சமிருந்த இடத்திலெல்லாம் போட்டாள்.

மாரிஸை நீ போட்டோவில்தான் பார்த்திருப்பாய். எங்கள் கம்பெனியிலேயே கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர், பிரிக்பீல்ட்ஸ் ஆள், அவருடைய அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன், குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். நான் காப்பார் ரப்பர் எஸ்டேட்டில் பால்மரத்தடியில் பிறந்தவன். எனக்கும் அவருக்கும் அத்தனை வருஷத்துப் பழக்கம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அது என்ன பழக்கம் என்று இப்போது உட்கார்ந்து, தப்பு, படுத்து யோசித்தால் எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. நான் மேரு யார்டிலிருந்து போர்ட்டுக்குப் போகிறபோது அவர் போர்ட்டிலிருந்து மேருவுக்கு வந்துகொண்டிருப்பார். எதிரெதிரே கடக்கிறபோது நான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி மேலும் கீழும் ஆட்டுவேன், அவரும் என்னைக் கண்டதும் லோரியை மெதுவாக்குவார், பிறகு பாம் பாம் பாஆம் என்று ஹாரன் வரும், சின்னதாக ரெண்டு, நீளமாக ஒன்று. போர்ட்டில் எவனிடம் என்ன வசை வாங்கிக்கொண்டு வந்தாலும் சரி, அம்மாவோடு எந்தச் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாலும் சரி, அந்த ஹாரனைக் கேட்டால் மனசு லேசாகிவிடும். பழக்கம் அவ்வளவுதான். போன வருஷம் டீசல் பம்ப்பின் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் தன் மகன் பெனடிக்குக்குப் பெண் பார்ப்பதாகச் சொன்னார், டாங்கி நிறைவதற்குள் நான் லூசியைப் பேசி முடித்துவிட்டேன். விசாரிக்க வேண்டாமா என்று அம்மா கேட்டாள், இத்தனை வருஷமாகத் தினமும் தவறாமல் ஹாரன் அடிக்கிற மனுஷனை என்னத்தை விசாரிக்கிறது என்றேன். பையன் தங்கம், லூசிக்கும் அவனைப் பிடித்துப்போய்விட்டது, அதில் ஒரு குறையும் இல்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் ஓய்வு வந்து விழுந்தது. வேறொரு கம்பெனி லோரிக்காரன் தூங்கிக்கொண்டே ஓட்டி ஒரு பஸ் ஸ்டாப்பை ஆளோடு அள்ளிக்கொண்டு போய்விட்டான், ரோட்டில் கிடந்த செருப்புகளை நான் பார்த்தேன், அதைப் பற்றி எழுத மாட்டேன். அதற்கு மறுவாரம் எங்கள் மானேஜர் எல்லாரையும் கூப்பிட்டு, தொடர்ந்து வேலை செய்தால் நடுவில் அரை மணி ஓய்வு கொடுக்கவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, இனி அது கட்டாயம் என்றார். இத்தனை நாள் அந்தச் சட்டம் எங்கே படுத்து ஓய்வெடுத்துக்கொண்டிருந்ததோ. நாங்கள் அதுவரை ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் என்று ஓட்டி ஒரு நாளைக்கு நாலு டிரிப் அடித்துக்கொண்டிருந்தோம். இனிமேல் ரெண்டாவது டிரிப் முடிந்து மேருவுக்கு வந்ததும் எஞ்சினை அணைத்து, சாவியைக் கேட்டில் காவல் நிற்கிற கார்டு ராதாகிருஷ்ணனிடம் கொடுக்கவேண்டும், அவன் அதை ஆணியில் மாட்டிவிட்டு, தொங்கவிட்டிருக்கிற தண்டவாளத் துண்டை போல்ட்டால் ஒரு அடி அடிப்பான், அது ஓய்வு ஆரம்பம். மறுபடி அடித்தால் முடிவு. நடுவில் லோரியைத் தொடக்கூடாது, லோரிக்குள் படுக்கவும் கூடாது, ஜிங்க் கூரை போட்ட கொட்டகையில் பெஞ்சில்தான் உட்காரவேண்டும். போர்ட் கேட்டில் வெயிலில் வரிசை பிடித்துக் காய்ந்துகொண்டு கிடக்கிறோமே, அது ஓய்வில் சேராதா என்று கேட்டேன், கை ஸ்டியரிங்கில் இருந்தால் அது வேலை என்றார் மானேஜர். வரிசை நகராமல் கிடக்கிறபோது வேலை, ரோடு காலியாகக் கிடக்கிறபோது ஓய்வு. நாலாவது டிரிப் போயே போய்விட்டது. அதைப் பிடிக்கிறேன் என்று ஓய்வுக்கு முன்னாலும் பின்னாலும் எல்லாரும் ஓட்டிய ஓட்டத்தைப் பார்த்திருந்தால் நீ எங்களை ஓய்வெடுக்கவே விட்டிருக்க மாட்டாய்.

அதுகூடப் பரவாயில்லை. லோரிக்காரன் எவனுக்கும் இன்னொரு லோரிக்காரனைப் பிடிக்காது செசிலியா, ஆனால் சண்டை போட நேரம் கிடைக்காததால்தான் இத்தனை வருஷம் யாரும் சாகாமல் இருந்தோம். அந்த நேரத்தைத்தான் கம்பெனி கொடுத்துவிட்டது, அதுவும் தினமும், ஒரே பெஞ்சில். முதல் வாரமே பீர் மூடிகளை வைத்து டாம் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த ரெங்கசாமி, தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் பக்கத்தில் கிடந்த டுரியானைக் காம்பைப் பிடித்துத் தூக்கி எதிரே இருந்த சின்னையாவின் முதுகில் அறைந்தான். சட்டையில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி விழுந்தது, முள்ளுக்கு ஒன்று என்று கணக்காக. இந்தச் சின்னையா ஒரு விசித்திரப் பிறவி. யாரோடும் பேச மாட்டான், ரோட்டில் எப்போதும் மாரிஸ் லோரியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருவான், என்னைக் கண்டால் மட்டும் பல் தெரியச் சிரிப்பான், என்னைக் கேலி செய்கிறான் என்று எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது, ஊமையன் என்று பேர் வைத்ததே நான்தான். அவன் முதுகிலிருந்த டுரியானைப் பிய்த்து எடுத்து, ஸ்பேனரால் பிளந்து, சுளைகளை நிதானமாகத் தின்றுவிட்டு, வெறும் தோலால் ரெங்கசாமியின் முட்டியில் ஒரே போடு போட்டான். ரெங்கசாமி இன்னும் கிளட்ச்சை நொண்டிக்கொண்டுதான் மிதிக்கிறான். நான் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன், என் முறை வரப்போகிறது என்று தெரியாமல்.

மாரிஸும் நானும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில். சம்பந்திகள் இல்லையா, மரியாதை. முதல் நாள் அவர் எனக்குத் தேநீர் வாங்கினார், மறுநாள் நான் அவருக்கு. அதற்குப் பிறகு பேசவேண்டி வந்தது, அங்கேதான் வினை. மனுஷன் பேச ஆரம்பித்தால் ரயில்வே, ரயில்வே, ரயில்வே. ரயில்வேக்காரன் நேரம் தவற மாட்டான், ரயில்வேக்காரன் சட்டையில் கசங்கல் பார்க்க முடியாது, ரயில்வே குவார்ட்டர்ஸில் கிறிஸ்துமஸுக்குப் பேண்டு வாத்தியம் வரும். நான் கேட்டுக்கொண்டேயிருந்தேன், நீ நம்ப மாட்டாய், வாயே திறக்கவில்லை, என் வாழ்நாளில் அவ்வளவு நாள் நான் பேசாமல் இருந்ததே கிடையாது. கோயிலில் லூசியின் கல்யாணத்தை அறிவித்து முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை, பசியும் வெயிலுமாகக் கொஞ்சம் கண்ணை மூடினேன். மாரிஸ் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார், "எஸ்டேட் ஆளுங்களுக்கு மத்தியானம் ஆனா கண்ணு தானா சொருகிடும் லா, ரத்தத்துலயே இருக்கு." எல்லாரும் சிரித்தார்கள். நான் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னேன், "ரயில்வே ஆளுங்களுக்கு அந்தக் கவலையே இல்ல. ஆனா தண்டவாளம் போட்டுக் கொடுத்தாத்தான் வண்டி நேரா போகும்." அதற்கு முந்தின நாள்தான் அவர் ரிவர்ஸ் எடுக்கிறபோது கேட் தூணைச் சாய்த்திருந்தார், தூண் இன்னும் சாய்ந்தபடியே எங்கள் எதிரில் நின்றுகொண்டிருந்தது. கொட்டகையே அதிர்ந்தது. சின்னையா கூடச் சிரித்தான்.

தேநீர்க் கிளாஸ் என் முகத்துக்கு வந்தது, தேநீர் முதலில், கிளாஸ் பிறகு. காதுக்கு மேலே உடைந்தது. கண்ணில் சீனித் தண்ணீரும் ரத்தமும் சேர்ந்து இறங்க, கையில் எது கிடைத்ததோ அதைச் சுழற்றினேன், கிடைத்தது உன் அம்மா கட்டிக்கொடுத்த நாலடுக்கு டிபன் கேரியர். நல்ல கனமான எவர்சில்வர், கல்யாணத்தில் வந்தது, உனக்குத் தெரியுமே. அது அவர் வாயில் போய் இறங்கிய சத்தம் இன்னும் என் தோளில் இருக்கிறது. கீழ் உதடு ரெண்டாகக் கிழிந்து தொங்கியது, சட்டை முழுக்க ரத்தமும் மீன் குழம்பும், எது எது என்று தெரியவில்லை. ஆனாலும் ரயில்வேக்காரர் விழவில்லை. என் கழுத்தைப் பிடித்தார், ரெண்டு பேரும் பெஞ்சோடு சாய்ந்தோம், அவர் கையை நீட்டி வீல் ஸ்பேனரைத் தேடினார், அது மட்டும் கிடைத்திருந்தால் இந்தக் கடிதத்தை அம்மாதான் எழுதியிருப்பாள், சின்னையா அதன்மேல் பூட்ஸ் காலை வைத்து மிதித்துக்கொண்டான். நான் அவர் விரல்களைப் பின்னுக்கு மடக்கினேன், ஒன்று முறிகிற மாதிரி ஒலித்தது, அவர் முழங்காலால் என் விலாவில் இடித்தார், எனக்கு மூச்சு நின்றது. என் கனம் என் பலம் என்று நினைத்து நான் அவர் முகத்தின்மேல் உட்கார்ந்துவிட்டேன். மகளே, எதிரியின் வாய் இருக்கிற இடத்தில் உட்காரக்கூடாது, இதை உன் அப்பாவின் அனுபவத்திலிருந்து தெரிந்துகொள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ரப்பர் பேக்டரியில் மெஷினை நிறுத்திவிட்டார்களாம்.

எங்களைப் பிரித்துத் தூக்கி நிறுத்தினார்கள். மாரிஸ் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க, விரல் இடுக்கில் ரத்தம் ஊற்றியது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சாவி கேட்டோம். ராதாகிருஷ்ணன் ஆணிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஓய்வு இன்னும் முடியவில்லை என்றான். சாகக் கிடக்கிறாரே என்றேன். "சண்டை போட்டது ரெஸ்ட் கணக்குல வராது அண்ணே. இப்பயிருந்துதான் அரை மணி. ரெண்டு பேரும் உட்காருங்க, நின்னா அது ரெஸ்ட் இல்ல." மானேஜர் அவனிடம் அவ்வளவு கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாராம், ஒரு நிமிஷம் குறைந்தாலும் அவன் வேலை போய்விடும் என்று. நான் உட்கார முடியாது என்று காரணத்தோடு சொன்னேன், அவன் அந்தக் காரணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருங்கள் என்றான். உட்கார்ந்தோம் செசிலியா. சம்பந்தியும் நானும் ரத்தம் சொட்டச் சொட்ட அதே பெஞ்சில் ஓய்வெடுத்தோம், அவர் தலை என் தோளில் சாய ஆரம்பித்தது, மனுஷன் நிறம் வெளுத்துக்கொண்டே போனது, எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. அடித்தபோது வராத பயம். லூசியின் மாமனாரைக் கொன்றுவிட்டேனோ என்று.

சின்னையா எழுந்தான். ராதாகிருஷ்ணன் மூக்கில் ஒரு குத்து, அவன் தண்டவாளத் துண்டில் போய் இடித்து அது தானாகவே டாங் என்று ஒலித்தது, அந்த வகையில் பார்த்தால் ஓய்வு முறைப்படிதான் முடிந்தது. கைக்கு வந்த சாவியைப் பிடுங்கினான், அது மாரிஸ் லோரியின் சாவி. அவரைச் சீட்டில் தூக்கிப் போட்டு, என்னைக் கீழே முட்டிபோட வைத்து, கேட்டைத் திறக்கக்கூட நிற்காமல் இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். மேரு ரோட்டில் ஜாம். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஒதுங்குங்கடா, ஒதுங்குங்கடா என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஓட்டினான். அவன் குரலை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ரத்தம் ஏற்றினாலும் பிரயோசனம் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம்.

மாரிஸுக்கு உதட்டில் உள்ளும் புறமுமாகத் தையல், ஒரு விரலில் கட்டு, முன்பல் ஒன்றைக் காணோம். அதை உன் அம்மா கண்டுபிடித்தாள், என் காக்கிக் கால்சட்டையைத் துவைக்கிறபோது பின்பக்கத் துணியில் குத்திக்கொண்டிருந்தது. பெனடிக் வந்து வாசலில் நின்று, அப்பா மூன்றாவது ஓலைக்குக் கிள்ளான் கோயிலுக்கே வந்து எழுந்து நின்று ஆட்சேபனை சொல்லப் போவதாகத் தாளில் எழுதிக் காட்டினார் என்று சொல்லிவிட்டு அழுதான். அம்மா அழுதாள். லூசி மட்டும் அழவில்லை. மறுநாள் காலையில் கஞ்சியை வடிகட்டிப் பிளாஸ்கில் ஊற்றி, பல்லைப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு, பஸ் ஏறிப் பிரிக்பீல்ட்ஸ் போய்விட்டாள். ஸ்ட்ராவை அவர் வாயில் வைத்துக்கொண்டு, "மாமா, எங்க அப்பாவ இன்னொரு தடவை அடிக்கணும்ல, நல்லா குடிச்சுத் தெம்பா இருங்க" என்றாளாம். அவருக்குச் சிரிப்பு வந்து தையலில் ஒன்று பிரிந்துவிட்டது, அதற்கும் ஆஸ்பத்திரிக்கு லூசிதான் கூட்டிக்கொண்டு போனாள். தினமும் போனாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, கஞ்சி மிச்சமிருந்தால் எனக்கும் அதே கஞ்சிதான்.

நடுவில் மானேஜர் விசாரணை வைத்தார். எங்கள் ரெண்டு பேருக்கும் ரெண்டு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார், அதாவது இன்னும் கொஞ்சம் ஓய்வு. சின்னையாவுக்கு வேலை போய்விட்டது, ராதாகிருஷ்ணனை அடித்தது, ஓய்வு நேரத்தில் லோரியை எடுத்தது, கேட்டை இடித்தது. மாரிஸால் பேச முடியாது. என்னால் பேச முடியும், ஆனால் அன்றைக்கு நானும் வாய் வீங்கியவன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன், எங்கே மானேஜர் எனக்கும் சேர்த்து எழுதிவிடுவாரோ என்று. சின்னையா போகிறபோதும் என்னைப் பார்த்து அந்தச் சிரிப்பைச் சிரித்துவிட்டுத்தான் போனான். செலாயாங் பாசாருக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறானாம்.

இன்று காலை மூன்றாவது ஓலை. மாரிஸ் சொன்னபடி வந்தார், எங்களுக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் பூசை முழுக்க நின்றுகொண்டேயிருந்தேன், பக்தி முற்றிவிட்டது என்று பின்னாலிருந்த புஷ்பவல்லி அக்கா எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரத்தில் அவர் திரும்பி அம்மாவுக்குக் கைகொடுத்தார், லூசிக்குக் கொடுத்தார், என்னைத் தாண்டித் தூணுக்குக்கூடக் கொடுத்திருப்பார், எனக்குக் கொடுக்கவில்லை. ஃபாதர் ஓலையை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். மாரிஸ் எழுந்தார். லூசி தலையைக் குனியவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஓட்டைப் பல்லோடு காற்றும் வார்த்தையுமாகச் சொன்னார், "பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல ஃபாதர். பொண்ணோட அப்பா வாய்க்கு ஒரு பூட்டு மட்டும் வாங்கிப் போடச் சொல்லுங்க." கோயில் என்றும் பார்க்காமல் சிரித்தார்கள், ஃபாதரும்தான். வெளியே வந்ததும் சம்பந்தி என் காதில், காயம் ஆறட்டும், உட்கார்ந்து பேசிக்கொள்வோம் என்றார்.

ஆகவே நீ டிக்கெட்டை எடு. ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை கல்யாணம், மாற்றமில்லை. வருகிறபோது உதட்டுத் தழும்புக்கு நல்ல மருந்து இருந்தால் சம்பந்திக்கு வாங்கி வா, எனக்கு மிருதுவான தலையணை ஒன்று, வட்டமாக, நடுவில் ஓட்டை உள்ளது. குளிரில் காதை மூடிக்கொள், ராத்திரி டியூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே, உங்கள் ஆஸ்பத்திரியில் ஓய்வு கொடுத்தால் தனியாக எடு. சின்னையாவுக்குப் பத்திரிகை வைக்க வேண்டாமா என்று அம்மா கேட்டுக்கொண்டேயிருக்கிறாள், அவனுக்கும் எனக்கும் என்ன பழக்கம், உதவி செய்தான், அதற்கு ஒரு நன்றி சொல்லி அனுப்பினால் போதும் என்று சொல்லிவிட்டேன். மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாளாக, உன் கைபட்ட நோயாளிகள் எழுந்து நடப்பார்களாக.

இப்படிக்கு, குப்புறப் படுத்திருக்கும்
உன் அப்பா சிரில்

திங்கள் காலை. இதை ஒட்டுவதற்குள் மாரிஸ் வந்துவிட்டுப் போனார். வேலைக்குப் போனதும் பழையபடி ஹாரன் அடித்துக்கொள்வோம் சம்பந்தி என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, தன் லோரியில் ஹாரன் செத்து எத்தனையோ வருஷமாயிற்று, அன்றைக்குச் சின்னையா பின்னே எதற்குத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓட்டினான் என்று கேட்டார். நான் கையை ஆட்டினால் முன்னால் போலீஸ் நிற்கிறது என்று சொல்கிறேன் என நினைத்து வேகத்தைக் குறைப்பாராம், இவ்வளவு நல்ல மனுஷன் வீட்டில் பெண் எடுக்கலாம் என்று அதனால்தான் சம்மதித்தாராம். அப்படியானால் அந்த ஹாரன் யாருடையது என்றேன். பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருவானே, அவனுடையது என்றார்.